600 டாலரில் வேட்டை வில்: புதிதா, பழையதா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன். வயது 34, உயரம் 5 அடி 6 அங்குலம். அலுவலக நண்பர்கள் வரும் அக்டோபரில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறார்கள், எனக்கும் ஆசை. இதுவரை வில்லைத் தொட்டதில்லை. கையில் 600 டாலர் இருக்கிறது. நண்பருக்குத் தெரிந்த ஒருவர், எட்டு வருடப் பழைய காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் சக்கரம் வைத்தது) ஒன்றை, குறிபார்க்கும் சைட்டோடு 400 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கும்போது 1,000 டாலருக்கு மேலாம். "அதிகம் எய்யவே இல்லை" என்கிறார். லிம்பில் (வில்லின் வளையும் பகுதியில்) 60–70 பவுண்டு, 29 அங்குலம் என்று ஒட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட அதே விலையில் கடையில் புதிய வில் சாமான்களோடு கிடைக்கிறது. மட்டமான புதியதைவிட உயர்ந்த பழையதே மேல் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது? அல்லது சக்கரமில்லாத ஒரு ரிகர்வ் வில்லை வாங்கி மலிவாக முடித்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த 400 டாலர் வில்லை விட்டுவிடுங்கள். எட்டு வயது முக்கியக் காரணம் இல்லை. லிம்பில் ஒட்டியிருக்கும் இரண்டு எண்களும் உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் காரணம்.

முதலில் 29 அங்குலத்தைப் பார்ப்போம். அது ட்ரா லென்த், அதாவது முழுக்க இழுத்து நிறுத்தும்போது நாண் பின்னால் வரும் அளவு. காம்பவுண்ட் வில்லில் இந்த அளவு கேமிலேயே, அதாவது லிம்ப் நுனியில் சுழலும் சக்கரத்திலேயே, அமைந்திருக்கும். அந்த இடம் வந்ததும் சுவரில் முட்டினாற்போல் நின்றுவிடும். உங்கள் அளவைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்று இரு கைகளையும் இயல்பாக விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கைவிரிப்பும் உயரமும் ஏறத்தாழ ஒன்று. உங்களுக்கு 66 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 26.4 வருகிறது. 26.5-இல் ஆரம்பித்து, கடையில் நிற்கவைத்துப் பார்த்து அரை அங்குலம் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள்.

இரண்டரை அங்குலம் நீளமான வில்லை இழுத்தால் நாண் கன்னத்தைத் தாண்டிக் காதுப் பக்கம் போகும். முதுகு பின்னால் சாயும். வில் பிடித்த முழங்கை விறைத்து, விடும்போது நாண் முன்கையை உரசும். அம்புகள் இடமும் வலமுமாகச் சிதறும்; நீங்களோ சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். அளவைக் குறைக்க முடியாதா என்று விற்பவரைக் கேட்டால் "முடியும்" என்றுதான் சொல்வார். எப்படிக் குறைப்பது என்பதுதான் செலவு. சில வில்களில் கேமின் மேலுள்ள மாட்யூலை (அளவைத் தீர்மானிக்கும் சிறு துண்டு) தளர்த்திச் சுழற்றினால் போதும், ஆலன் சாவி ஒன்றே வேண்டும். சிலவற்றில் உங்கள் அளவுக்கான மாட்யூலைத் தனியாக வாங்க வேண்டும். இன்னும் சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும்: மேத்யூஸ் நிறுவனத்தின் ஸ்விட்ச்பேக், இஸட்7 போன்ற பழைய ஒற்றைக் கேம் மாடல்கள் இந்த வகை. கேம் மாற்ற லிம்பை அழுத்திப் பிடிக்கும் வில் பிரஸ் வேண்டும், கூலி வேண்டும், அந்த அளவுக் கேம் இன்னும் கிடைக்க வேண்டும். எனவே பழைய வில் பார்க்கும்போது விலைக்கு முன்னால், மாடல் பெயரைக் கேட்டு அதன் ட்ரா லென்த் எந்த வகையில் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தையில் பழைய வில்கள் பெரும்பாலும் 28, 29 அங்குலத்தில்தான் வரும். நம்மவர்களில் பலருக்கு 26, 27 தேவைப்படுவதால் தேடல் கொஞ்சம் நீளும்.

அடுத்தது 60–70 பவுண்டு. அது இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை. லிம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் இழுவை குறையும், ஆனால் பொதுவாக உச்ச அளவிலிருந்து 10 பவுண்டு வரைதான். 70 பவுண்டு லிம்பை 60-க்குக் கீழே கொண்டுவர முயன்று, கையேட்டில் சொன்ன சுற்றுகளைத் தாண்டிப் போல்ட்டைத் திருப்பினால் லிம்ப் தன் இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அருகில் நிற்பவருக்குக் காயம் படலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு 60 பவுண்டு அதிகம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் நேராக இழுக்கப் பாருங்கள். எந்தப் பவுண்டில் நடுங்காமல் இழுக்க முடிகிறதோ அதுதான் இப்போதைக்கு உங்கள் இழுவை. பலருக்கு அது 40க்கும் 50க்கும் இடையில் இருக்கும். அக்டோபர் குளிரில், தடித்த சட்டையோடு, மரத்தின் மேல் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு இழுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

50 பவுண்டுக்கு மான் விழுமா என்று நண்பர்கள் சிரிக்கலாம். பென்சில்வேனியாவில் மான் வேட்டை வில்லுக்குச் சட்டம் கேட்பது 35 பவுண்டுதான். 50 பவுண்டில், 26.5 அங்குல ட்ரா லென்த்தில், 400 கிரெயின் (அம்பெடையை அளக்கும் சிறிய அலகு) எடையுள்ள அம்பு நொடிக்கு 210 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 39 அடி-பவுண்டு. மானுக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது ஈஸ்டன் நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு. விளம்பரத்தில் போடும் நொடிக்கு 320 அடி என்ற வேகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அது 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெயின் அம்பு வைத்து அளந்தது. உங்கள் கைக்கு அந்த எண் வரவே வராது.

இன்னொரு சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், பலர் செய்வதில்லை. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறிய ஓட்டை விட்டு, அதன் வழியாக எதிரே உள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். ஒரு கண்ணை மூடிப் பொருள் மறைகிறதா என்று பாருங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் இருப்பது உண்டு. அப்படியானால் இடக்கை வில் பழகலாம், அல்லது வலக்கை வில்லையே எடுத்து இடக்கண்ணை மூடி எய்யலாம். பணம் கொடுப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். கைப்பக்கத்தைப் பிறகு மாற்ற முடியாது.

இனி கணக்கு. வில்லின் விலையை மட்டும் ஒப்பிடுவதால்தான் பழையது மலிவாகத் தோன்றுகிறது. அந்த வில்லை வேட்டைக்குத் தயாராக்க என்ன ஆகும் என்று பாருங்கள். எட்டு வருட நாண் என்றால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். நாணும் கேபிளும் சேர்ந்த புதிய செட் 100 முதல் 150 டாலர், பூட்டிச் சரிபார்க்கும் கூலி 40, 50. மாட்யூல் தேவைப்பட்டால் இன்னொரு 40. அம்பு தாங்கும் ரெஸ்ட் 50, 60. இத்தனையும் சேர்ந்து வில்லே 650-ஐத் தொடுகிறது. அதற்கு மேல் நாணைப் பிடித்து விடக் கையில் மாட்டும் ரிலீஸ் 50, ஆறு அம்பு 60, 70, வேட்டைக்கான கூரிய அலகுள்ள முனையான ப்ராட்ஹெட் மூன்று 40. மொத்தம் 800 டாலரைத் தாண்டும். "அதிகம் எய்யவில்லை" என்பது உண்மையாகவே இருக்கட்டும். நாண் அலமாரியில் இருந்தாலும் வெயிலுக்கும் வறட்சிக்கும் முதிரும். மிதமாக எய்பவர்கள்கூட இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

புதிய பக்கம் பாருங்கள். எல்லாம் பூட்டி வரும் செட்கள் 400 முதல் 500 டாலருக்குள் கிடைக்கின்றன. பேர் நிறுவனத்தின் லெஜிட் 10 முதல் 70 பவுண்டு வரை, 14 முதல் 30 அங்குலம் வரை மாறும். டயமண்ட் எட்ஜ் 320, 7 முதல் 70 பவுண்டு, 15 முதல் 31 அங்குலம். இவற்றில் சைட், ரெஸ்ட், அம்புக்கூடு, பீப் சைட் (நாணில் பதித்த பார்வைத் துளை), ரிலீஸை மாட்ட நாணில் கட்டிய லூப் எல்லாம் இருக்கும். ரிலீஸும் அம்பும் பெரும்பாலும் இருக்காது, அது தெரியாமல் போய்த் தவிக்காதீர்கள். 450 டாலர் செட், ரிலீஸ் 50, அம்பு 60, ப்ராட்ஹெட் 40: சரியாக 600. பயிற்சி இலக்குக்குக் காசு மிஞ்சவில்லையா? கெட்டியான சாக்கில் பழைய துணியும் பிளாஸ்டிக் உறைகளும் இறுகத் திணித்துத் தொங்கவிடுங்கள். சாதாரண ஃபீல்டு பாயின்ட் முனைக்கு அது தாங்கும், ப்ராட்ஹெட்டுக்குத் தாங்காது.

இந்த மலிவு செட்களின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு அகலமாக மாறும் கேமுக்கு வேகம் குறைவு. இழுத்து நிறுத்தும் இடம் விலையுயர்ந்த வில்லில்போலக் கல்லாக நிற்காது, கொஞ்சம் மெத்தென்றிருக்கும். உடன் வரும் சைட்டில் குறிபார்க்கும் முட்கள் மங்கல், திருகுகள் அதிர்வில் தளரும். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஆலன் சாவியால் ஒரு சுற்றுப் பாருங்கள். தூரிகை வகை ரெஸ்ட் அம்பின் இறகைத் தேய்க்கும், ஆனால் அம்பு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும், உடைய அதில் எதுவும் இல்லை. 20 கெஜத்தில் மானை எய்ய இந்தக் குறை எதுவும் தடையில்லை. மாறாக, 40 பவுண்டில் தொடங்கி, தசை பழகப் பழக இரண்டிரண்டு பவுண்டாக ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது முதல் வில்லில் பெரிய வசதி. இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

புதிது, பழையது இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். புதிய மாடல்கள் குளிர்காலத்தில் வெளியாகும்போது, வில் கடைகளில் போன வருட மாடல்கள் விற்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். அவை பெட்டி பிரிக்காதவை, உத்தரவாதம் முழுதாக உண்டு, விலை மட்டும் இறங்கியிருக்கும். அதே மாதங்களில்தான் பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் வில்லைக் கொடுத்துப் புதியதற்கு மாறுவார்கள். கடைக்காரர் பிரஸ்ஸில் போட்டுப் பார்த்து, நாண் மாற்றி, உங்கள் அளவுக்குப் பொருத்தித் தரும் அப்படிப்பட்ட பழைய வில், தெரியாத ஆளிடம் 50 டாலர் குறைவாகக் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல். செப்டம்பரில் போகாதீர்கள். சீசனுக்கு முந்தைய கூட்டத்தில் தள்ளுபடியும் இருக்காது, உங்களோடு நின்று அளவு பார்க்க ஆளும் இருக்காது.

உத்தரவாதத்தில் ஒரு கண்ணி. பெரும்பாலான நிறுவனங்கள் "வாழ்நாள் உத்தரவாதம்" என்று சொல்வது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாம் கைக்கு வந்ததும் அது போய்விடும். லிம்ப் ஒன்று பிளந்தால் முழுச் செலவும் உங்களுடையது. பத்து வருடம் தாண்டிய மாடலென்றால் லிம்பே கிடைக்காமலும் போகலாம்.

இருந்தும் 26, 27 அங்குலத்துக்கு மாறக்கூடிய, 50–60 பவுண்டு லிம்ப் உள்ள, சைட்டும் ரெஸ்ட்டும் சேர்ந்த பழைய வில் 300, 350 டாலருக்கு வந்தால் போய்ப் பாருங்கள். ஒரு பிடி பஞ்சு, டார்ச், அளவு நாடா, ஓர் அம்பு கொண்டுபோங்கள். பஞ்சை ஒவ்வொரு லிம்பின் இரு விளிம்புகளிலும், நுனியிலும் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். இழை சிக்கினால் அங்கே நார் கிளம்பியிருக்கிறது என்று பொருள். பெயின்ட் கீறல் ஒன்றும் செய்யாது, நார் கிளம்பிய லிம்ப் ஒரு நாள் இழுக்கும்போதே உடையும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லிம்பின் அடுக்குகள் பிரிந்த வெண்மையான கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கேமின் பள்ளத்தில் நகத்தை ஓட்டுங்கள். நெளிவோ பிசிறோ தட்டினால் அது புது நாணையும் அறுத்துவிடும். அச்சின் இரு முனையிலும் கிளிப் இருக்கிறதா? அம்பைக் கேமின் தட்டையான பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். அது நாணுக்கு இணையாகப் போகாமல் வெகுவாக விலகினால் கேம் சாய்ந்திருக்கிறது, அச்சு வளைந்திருக்கலாம்.

பிறகு அளவு நாடா. மேல் அச்சிலிருந்து கீழ் அச்சு வரை ஒரு அளவு. கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை இன்னொன்று, இதற்கு பிரேஸ் ஹைட் என்று பெயர். இரண்டையும் அந்த மாடலின் தொழிற்சாலை அளவோடு ஒப்பிடுங்கள். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் நாண் நீண்டிருக்கிறது அல்லது யாரோ தவறாக முறுக்கியிருக்கிறார்கள். நாண் மாற்றினால் சரியாகிவிடும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வெயிலில் காருக்குள் கிடந்ததா? அந்தச் சூடு நாணையும் லிம்பின் பசையையும் கெடுக்கும். அம்பில்லாமல் எப்போதாவது விட்டிருக்கிறாரா? இழுத்த வில்லில் தேங்கிய ஆற்றலின் பெரும்பகுதி அம்போடு போய்விட வேண்டும். அம்பு இல்லையென்றால் அது அத்தனையும் லிம்பிலும் கேமிலும் நாணிலும் திரும்ப அடிக்கும். அந்த நொடியே உடையலாம்; உடையாமல் உள்ளே விரிசல் மட்டும் விட்டு, அடுத்தவர் கையில் உடையவும் செய்யும். கண்காட்சிக்கு வைத்ததைப்போல வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் இழுத்துப் பார்த்த வில்லாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நீங்களும் வாங்குமுன் சோதித்து இழுக்கும்போது அம்பை நாணில் வைத்து, இலக்கை நோக்கித்தான் இழுக்க வேண்டும். ரிலீஸின் விசைக்குப் பின்னால் விரல் இருக்கட்டும், முழுக்க இழுத்த பிறகே விசைக்கு விரல் வர வேண்டும்.

மிகவும் மலிவான ஒரு பேரத்தைக் கண்டு ஏமாற வேண்டாம் என்பதற்கு இன்னொரு கணக்கு: அம்பு. ஒவ்வொரு பவுண்டு இழுவைக்கும் குறைந்தது 5 கிரெயின் அம்பெடை வேண்டும். 50 பவுண்டு வில்லில் 250 கிரெயினுக்குக் கீழே போனால் ஏறத்தாழ அம்பில்லாமல் விட்டதுபோல்தான். வேட்டைக்கு 350 முதல் 400 வரை வையுங்கள். அம்பின் விறைப்பை ஸ்பைன் எண் காட்டும், எண் குறையக் குறைய விறைப்பு கூடும். உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் 500 வரும். 55-ஐத் தாண்டி ஏற்றும் எண்ணமிருந்தால் கடையில் அட்டவணையைப் பார்த்து 400 கேளுங்கள். பழைய வில்லோடு "இலவசமாக" வரும் அம்புகள் 29 அங்குல, 70 பவுண்டுக்காரருக்காக வெட்டியவை. வாங்கி வைக்காதீர்கள். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் லேசாக வளைத்து, முறுக்கிப் பார்த்து, சொடசொடப்பு கேட்டால் உடைத்துப் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு வில்லை விட்டுப் போகும் முன்பே சிதறி, இடக்கையில் குத்தும்.

ரிகர்வ் விஷயம் சுருக்கமாக. சாமிக் சேஜ் போன்ற 62 அங்குலக் கழற்றி மாட்டும் வில் 150 டாலர் அளவிலேயே கிடைக்கும். கேம், கேபிள் கிடையாது, கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. பழையது வாங்கினால் லிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நாண் ஏற்றிப் பின்னாலிருந்து பார்த்து, நாண் இரு லிம்பின் நடுவிலும் ஓடுகிறதா என்று சரிபாருங்கள். முறுக்கிய லிம்ப் வேண்டாம். மலிவு பணத்தில் மட்டும்தான், உழைப்பில் இல்லை. 80 சதவீத லெட்-ஆஃப் (முழுக்க இழுத்ததும் பாரம் குறையும் அளவு) உள்ள 50 பவுண்டு காம்பவுண்டை முழுக்க இழுத்து நிற்கும்போது கையில் 10 பவுண்டுதான் இருக்கும். ரிகர்வில் அத்தனை பவுண்டையும் தாங்க வேண்டும். அதன் லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குலத்துக்கான கணக்கு; உங்கள் 26.5-க்கு 45 பவுண்டு லிம்ப் 41, 42 ஆகிவிடும். சட்டத்துக்கு அது போதும். ஆனால் இந்த அக்டோபருக்குள் 15 கெஜத்தில் நம்பி எய்யும் அளவுக்குக் கை வராது. அடுத்த வருடத்துக்கு என்றால் 30 பவுண்டு லிம்பில் பழகத் தொடங்குங்கள், அதே கைப்பிடியில் பிறகு 45 மாட்டலாம்.

பழையதாக வாங்கிக் காசை மிச்சப்படுத்த வேண்டிய இடங்கள் வேறு: வில் பெட்டி, அம்புக்கூடு, வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர், இலக்குப் பலகை, நல்ல நிறுவனத்தின் சைட். இவற்றில் பாதி விலை கொடுத்தாலே அதிகம். மரத்தில் ஏறி உட்காரும்போது கட்டும் பாதுகாப்புப் பட்டையை மட்டும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பழையது வாங்காதீர்கள். தயாரித்த தேதியிலிருந்து ஐந்து வருடம் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஆயுள் குறிக்கிறார்கள், ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டையை அதற்கு முன்பே தூக்கி எறிய வேண்டும். வில் வேட்டையில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் அம்பு அல்ல, மரம்.

ப்ராட்ஹெட் வாங்கும்போது உங்கள் இழுவைக்கு விரியும் அலகுள்ளது வேண்டாம். விரிவதிலேயே ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும். நிலையான இரண்டு, மூன்று அலகுள்ள 100 கிரெயின் முனை எடுங்கள், வெட்டு அகலம் பென்சில்வேனியாவில் குறைந்தது எட்டில் ஏழு அங்குலம் இருக்க வேண்டும். ஃபீல்டு பாயின்ட்டில் சைட் வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ப்ராட்ஹெட் காற்றைப் பிடிக்கும், அம்பு வேறிடத்தில் போய் நிற்கலாம். ஆகஸ்டுக்குள் இரண்டும் ஒரே இடத்தில் விழும்படி ரெஸ்ட்டைக் கடையில் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதன்முறை உரிமம் எடுப்பவருக்கு மாநில வேட்டையாடுவோர் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். அதை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கோடை முடிவில் இடம் கிடைப்பது சிரமம். வில் சீசனுக்கான கூடுதல் உரிமமும் தனியாக வாங்க வேண்டும், அதை 600-க்குள் சேர்க்காதீர்கள்.